ஒரே மொழிக்காரர்கள்

எங்கள் கல்லூரியில் சியாங் மொழி, சீன மலைநாட்டுச் சிறுபான்மை மொழி ஒன்று, பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருத்தி லோங் ஷியாச்சுன், என்னைவிட ஒரு வருடம் மூத்தவள், அதனால் அக்கா. கல்லூரிக் கணக்கில் நாங்கள் ஒரே மொழிக்காரர்கள். அவள் பேசினால் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது.

நான் வடக்கே, மாவ் மாவட்டம். எங்கள் பேச்சில் மெய்யெழுத்துகள் சந்தை நாள் பேருந்தில் ஏறுவதுபோல் முண்டியடித்து வரும். உயிரெழுத்துக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். அக்கா தெற்கே, லீ மாவட்டம். அங்கே குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும். எங்களுக்கு அந்த வம்பு இல்லை. ஆகவே நாங்கள் இருவரும் சீன மொழியில் பேசிக்கொள்வோம்.

அம்மாவிடம் போனில் எங்கள் பேச்சைப் பேசலாம்தான். ஆனால் அம்மாவிடம் 'நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? மற்றதைச் சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.

கலைவிழாவுக்கு முன் தெங் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் மேடையில உங்க பாஷையில கொஞ்சம் பேசிக்கங்க."

"சார், இவங்க பேசறது எனக்குப் புரியாது."

"எங்களுக்கும்தான் புரியாது. அதுக்கென்ன இப்போ?"

வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். "வரவேற்புரை மாதிரி எதையாவது உளறு தம்பி. நடுநடுவுல நான் தலையாட்டறேன். என் முறை வர்றப்போ நீ ஆட்டு."

விழா நாளில் வாடகை ஆட்டுத்தோல் சட்டையோடு ஒலிவாங்கி முன் நின்றேன். 'வாருங்கள், மதுச்சாடி திறந்திருக்கிறது' என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வாய் தானாகப் போனது. சாயங்காலம் ஆனால் எனக்கு இங்கே பயமாக இருக்கிறது என்றேன். அறையில் நான் இல்லாவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றேன். படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடலாமா என்று கேட்டேன். அக்கா பொறுப்பாகத் தலையாட்டினாள்.

பிறகு அவள் பேசினாள். பாட்டுப் போல ஏறி இறங்கியது. பாதியில் குரல் ஓர் உயரத்தில் போய் நின்றது, இறங்கவில்லை. அவள் ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டுத் தொடர்ந்தாள். அவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் குரல் அப்படி நின்றது அந்தக் கணக்கில் சேராது என்று தெரிந்தது. நான் தலையாட்டினேன்.

அரங்கம் கைதட்டியது. "எப்பேர்ப்பட்ட புரிதல்!" என்றார் தெங் ஆசிரியர், ஒலிவாங்கியிலேயே.

உடைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடுதிப் பக்கம் நடந்தோம்.

"மேடையில என்ன சொன்ன?"

"வரவேற்புதான்க்கா. நீங்க?"

"நானும் அதேதான்."

கொஞ்ச தூரம் போனதும், "ரொம்ப நீளமான வரவேற்பா இருந்துச்சே," என்றாள்.

"எங்க ஊர்ல விருந்தாளிங்க ஜாஸ்திக்கா."

அவள் சிரிக்கவில்லை. பெண்கள் விடுதி வாசலில் உள்ளே போகாமல் நின்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சீனத்தில் சொல்ல வேண்டும். சீனத்தில் நான் கிண்டல்காரன். எந்நேரமும் நன்றாக இருப்பவன்.

"சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேன்க்கா," என்றேன், சுத்தமான சீனத்தில்.