மஹ்ரூஸின் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

"உங்க வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு மாமா. நல்லதுங்கதான். நீங்கதான் அதுங்கள பட்டினி போடறீங்க" என்றாள் அந்த இளம் டாக்டர்.

"நானா? பட்டினியா?" நூற்றுப் பதினெட்டுக் கிலோவும் குலுங்கச் சிரித்தார் மஹ்ரூஸ்.

"நெய்ச்சோறும் வாத்துக்கறியும் உங்க இடுப்புக்குத்தான் போகுது. அதுங்களுக்கு மொச்சை, பருப்பு, கீரை வேணும். ரெண்டு மாசம் பாக்கறேன். சர்க்கரை இறங்கலன்னா ஊசிதான்."

சிரிப்பு அங்கேயே நின்றது. ஊசி என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். அதைவிட நடுக்கம், இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது. மனைவி தவ்ஹீதாவின் வாத்துக்கறிக்கு எகிப்தின் டன்டா நகரில் அவர்கள் குடியிருந்த சந்தே மயங்கிக் கிடந்தது. அந்த ஊரில் மொச்சை காலையில் தின்பது. மத்தியானமும் புருஷனுக்கு அதையே போட்டால் அந்த வீட்டில் வக்கில்லை என்று தெரு பேசும். மஹ்ரூஸ் வாயைத் திறக்கவில்லை.

ரயில்வே பார்சல் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர், காப்டிக் கிறிஸ்தவரான பிஷாய்க்கு அப்போது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு. ஐம்பத்தைந்து நாளைக்கு இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அவர் டப்பாவில் பருப்பும், மொச்சையும் கீரையும் கடைந்த பிஸாராவும் இருந்தன. மஹ்ரூஸ் அதில் ரொட்டியை நனைத்தார்.

"என் நோன்பு உனக்கு எதுக்குய்யா? ஞானஸ்நானம் வாங்கப் போறியா?"

"பேசாம அந்த வெங்காயத்த இப்படித் தள்ளு."

அன்றிலிருந்து பிஷாய் இரண்டு பேருக்குக் கொண்டுவந்தார். தவ்ஹீதாவின் டப்பா மூட்டை தூக்கும் ஷெஹாதாவுக்குப் போனது. முதல் வாரம் மஹ்ரூஸின் வயிறு போட்ட சத்தத்தில் ஆபீசே ஜன்னலைத் திறந்து வைத்தது. பிறகு வயிற்றுக்குள் குடியிருந்தவர்களுக்குச் சாப்பாடு பழகிவிட்டது. பெல்ட் இரண்டு துளை உள்ளே போனது. ஷெஹாதாவுக்குச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை.

நோன்பு முடிகிற வாரம் சோதித்தார்கள். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. "விடாம இதையே சாப்பிடுங்க மாமா, விட்டா பழையபடி ஏறிடும்" என்றாள் டாக்டர்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை பிஷாய் டப்பாவைத் திறந்தார். உள்ளே முழுக்கப் பொரித்த கறி உருண்டை. நோன்பு முடிந்தது; மஹ்ரூஸின் மொச்சையும் முடிந்தது.

அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இத்தனை நாளா என் வாத்த ஷெஹாதாவா தின்னான்?"

"ஆமா."

"ஊசின்னு சொன்னத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"உன் கைச் சமையலக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு..."

தவ்ஹீதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "பைத்தியக்கார மனுஷா. தெரு மெச்சறதுக்கா நான் ஆக்கிப் போட்டேன்? நீங்க நல்லா இருக்கணும்னுதானே போட்டேன்?"

மஹ்ரூஸுக்கு, இவளுக்குப் போய் பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மொச்சை வண்டி சந்துக்குள் வந்தது. அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். தவ்ஹீதா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, எதிர்வீடு, மாடிவீடு எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ரெண்டு கிலோ போடுய்யா! மத்தியானச் சாப்பாட்டுக்கு! எங்க வீட்டுக்காரருக்கு!"