நடுவில் மெலிந்த குழாய்

மெழுகில் பதித்த பல்வரிசையில் கடைவாய்ப் பல்லின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கியது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் யாருடையவோ போலிருந்தன. ஒன்றோடொன்று தேய்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு தொடுவது போன்ற உணர்வு. மேசை விளக்கின் கீழே பல்வரிசை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காலையிலிருந்து செய்த வேலை ஒரு நொடியில் பாழ். மெழுகை உருக்கி மறுபடி ஆரம்பித்தாள். முந்தின நாள் அவள் சைக்கிளில் வெகுதூரம் போய் வந்திருந்தாள்.

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற சின்ன லேபில் அவளுக்கு வேலை. வார விடுமுறையில் கூடும் சைக்கிள் குழுவில் அவளுக்குப் ‘பல்லக்கா’ என்று பெயர். வேகமாக ஓட்டுகிறவள் இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் என்றாலும் சளைக்காமல் ஓட்டுவாள், கடைசியாக வருகிறவர்களுக்குத் துணையாக வருவாள். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு பழைய அலுமினிய வண்டியில் ஏறினால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து தட்டியது. அப்போதுதான் அவளுடைய தம்பி சொன்னான், நான் உனக்கு ஸ்டீலில் ஒரு வண்டி செய்து தருகிறேன் என்று.

தம்பி அதுவரை வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்துக்கொண்டிருந்தவன். சைக்கிள் ஃபிரேம் செய்யும் கிறுக்கு பிடித்து, வேறு ஊரில் ஒரு பட்டறையில் இருந்து கற்றுக்கொண்டு வந்து, அம்மாவும் அவனும் இருந்த வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தான். என் பெயர் ஒட்டி வெளியே போகிற முதல் வண்டி உன்னுடையதுதான் என்றான். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, சொல்லாமல் கையை விட்டவள்.

குழாய்களை இருவருமாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கொட்டகையில் இரண்டு கட்டு இருந்தது. ஒன்று சாதாரணக் குழாய், முனையிலிருந்து முனைவரை ஒரே கனம். இன்னொன்று தருவித்த குழாய், பற்றவைக்கிற இரு முனைகளிலும் கனம், நடுவில் மட்டும் மெலிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவன் நகத்தால் தட்டிக் காட்டினான். சாதாரணக் குழாய் எங்கே தட்டினாலும் ஒரே குரலில் பேசியது. மற்றது முனையில் ஒரு குரல், நடுவுக்கு வரவர வேறு குரல்.

“இரும்பு எதுவா இருந்தாலும் வளையிற குணம் ஒண்ணுதான்க்கா. பலமான இரும்பா இருந்தா மெல்லிசா இழுக்கலாம், அவ்ளோதான். மெல்லிசா இருந்தாத்தான் ரோட்டோட அடிய அது வாங்கிக்கும். உன் கைக்கு விடாது” என்றான்.

அவள் அந்த மெலிந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பல்லில் ஒரு மயிரிழை கூடினால் வாயே கோணிக்கொள்ளும் என்று தெரிந்தவளுக்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த மெலிவு உடனே பிடித்துவிட்டது. தம்பி அவள் கால், கை, முதுகு எல்லாவற்றையும் அளந்து, அந்தக் குழாய்களை அவள் கண் முன்னாலேயே அவளுக்காக வெட்டினான்.

வண்டி வர மாதக்கணக்கானது. கரும்பச்சை நிறத்தில், கொடி போல வளைந்த எழுத்தில் தம்பியின் பெயரோடு வந்தது. குழுவில் எல்லோரும் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு ஊரைத் தாண்டி, சரளை பெயர்ந்து கிடக்கும் பழைய சாலையில் இறங்கியதும் மணிக்கட்டு விண்ணென்றது. முதல் நாள்தானே, வண்டி பழகவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் அப்படித்தான். பழைய அலுமினிய வண்டியே தேவலை என்று மனதில் ஒரு குரல் வந்தபோது, அதைப் பாவம் போல அடக்கிக்கொண்டாள்.

தம்பியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவன் உடனே வந்தான். டயரில் காற்றைக் குறைத்தான். சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினான். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஹேண்டிலின் நாடாவைப் பிரித்து, அடியில் மெத்தென்று இன்னொரு சுற்று வைத்து, ஒரு சுருக்கம் விழாமல் புதிதாகச் சுற்றிக் கொடுத்தான். அவள் பக்கத்தில் நின்று, இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் கை மரத்தது. அப்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், “உனக்கு வயசாகுதுக்கா. வண்டி என்ன செய்யும்?”

அவள் அதை நம்பினாள். மருத்துவரிடம் போனாள். நரம்பில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான், கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். சைக்கிளைக் குறைத்தாள். தூரம் போகிற நாட்களில் உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொன்னாள். குழு கிளம்பும் நேரத்தில் வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டு, வயதாகிறது என்பது இப்படித்தான் வரும்போல, ஒரு விரல், இரண்டு விரல் என்று வரும்போல என நினைத்துக்கொண்டாள். லேபில் அவள் செய்த பற்களை மாட்டிப் பார்த்துவிட்டு ஏதோ இடிக்கிறது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. போகப்போகப் பழகிவிடும் என்று சொல்லுங்கள் என்பார் முதலாளி. அவள் அப்படி யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை. வாய் பொய் சொல்லாது என்று மறுபடி உட்கார்ந்து தேய்ப்பாள். தன் கை விஷயத்தில் மட்டும் அவள் அப்படி உட்காரவில்லை. சொன்னவன் தம்பி.

குழுவில் ‘குச்சி’ என்று ஓர் இளைஞன் உண்டு. பெயருக்கேற்ற உடம்பு, பந்தயத்துக்குப் போகிறவன். உயரத்தில் அவளும் அவனும் ஒன்று. அவனுக்கும் தம்பி ஒரு வண்டி செய்து கொடுத்திருந்தான், சிவப்பு நிறத்தில். ஒரு காலை அவள் வீட்டுப் பக்கம் வந்தவன், தன் வண்டியை அவளிடம் நிறுத்திவிட்டு, பச்சை வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவா அக்கா என்று கேட்டு எடுத்துப் போனான். சும்மா நிற்பானேன் என்று அவள் சிவப்பு வண்டியில் ஏறினாள்.

தெரு முனை திரும்பும் முன்பே தெரிந்துவிட்டது. அவனுடைய டயர் அவளுடையதைவிட ஒல்லி, காற்று கல் போல ஏற்றியிருந்தான். தெருவில் பள்ளம் தோண்டி மூடிய இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனாலும் வண்டி அவற்றின் மேல் மூச்சுவிடுகிற மாதிரி ஏறி இறங்கியது. பெடலை அழுத்தினால் கீழே ஏதோ ஒன்று இலேசாக விட்டுக்கொடுத்து, உடனே திருப்பித் தந்தது. அவள் இன்னொரு தெரு போனாள். இன்னொன்றும் போனாள். கை கையாகவே இருந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான். எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிற சந்தோஷம். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

வண்டியைச் சுவரில் சாய்த்து, குனிந்து நகத்தால் தட்டினாள். முனையில் ஒரு குரல். நடுவில் வேறு குரல். குச்சி திரும்பி வந்து, நல்லா கிண்ணுனு இருக்குக்கா உங்க வண்டி என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தெரு முனையைத் தாண்டும்வரை காத்திருந்து, பச்சைக் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போனாள். ஒரே குரல். மறுபடி தட்டினாள். அவளுக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கொட்டகைக்குப் போனபோது தம்பி அரம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கோபமாகப் பேசவில்லை. எனக்கு வெட்டிய குழாய் குச்சியின் வண்டியில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவன் இல்லையென்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்தான். பந்தயத்துக்கு முன் மாதக்கணக்கில் பழக குச்சிக்கு வண்டி வேண்டியிருந்தது, புதுக் குழாய் வரக் காத்திருந்தால் பந்தயமே முடிந்துவிடும், அளவு இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது என்று வரிசையாகச் சொன்னான். எல்லாம் உண்மைதான், எல்லாம் முன்பே சொல்லியிருக்கக் கூடியதுதான்.

“குச்சி நம்ம வண்டியில ஜெயிச்சா நாலு பேரு தேடி வருவாங்க. நீ ஓட்டினா யாருக்குக்கா தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்ல.”

அவன் கையைத் துணியில் துடைத்தான். “உனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சேன். நல்ல குழாய்னு நம்பி ஓட்டினாலே சுகமா இருக்கும்னு நெனச்சேன்.”

“கை மரத்துப்போவுதுன்னு வந்து சொன்னேனே.”

அவன் கேஸ் சிலிண்டரின் திருகை இறுக்கினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“வயசாகுதுன்னு சொன்னியே.”

“வேற என்னன்னு சொல்றது?” என்றான். குரலில் குறும்போ கொழுப்போ இல்லை. நிஜமாகவே அவளிடம் கேட்கிறவன் போலக் கேட்டான்.

தரையில் உட்கார்ந்து நாடா சுற்றிய கைகளை அவள் பார்த்தாள். அப்போதும் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் தெரியும். குழாயை எடுத்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த நாடாவை மறக்க முடியாது. அவன் புதுக் குழாய் தருவித்து வேறு வண்டி செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் வீட்டுக்குள் போனாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல ஆரம்பித்ததுமே அம்மா தலையை நிமிர்த்தாமல் குறுக்கிட்டாள். “எனக்குத் தெரியும்டி. எங்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சான். அக்காதானே, அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா, செய்டான்னு நாந்தான் சொன்னேன்.” பிறகு, அவன் இப்போதுதான் தலையெடுக்கிறான், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஏதோ சொன்னாள். அவள் டாக்டரிடம் போய்வந்த அன்று கைக்குத் தைலம் தேய்த்துவிட்டவளும் இதே அம்மாதான். அம்மா தலையணை உறை ஒன்றை நான்காக மடித்து, திருப்தியில்லாமல் பிரித்து, மறுபடி மடித்தாள்.

அடுத்த வாரத்தில் நடந்த பந்தயத்தில் குச்சி ஜெயித்தான். விடுமுறை நாள் காலையில் பெட்ரோல் பங்க் அருகே குழு கூடியபோது தம்பியும் வந்திருந்தான், புதுச் சட்டையில். சிவப்பு வண்டியைச் சுற்றிக் கூட்டம். குச்சி எல்லோரிடமும் வண்டியைத்தான் புகழ்ந்தான். தம்பி அவள் பக்கம் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். வரவேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காலையில் தானாக விழிப்பு வந்துவிட்டது.

குழுவில் வருகிற மருந்துக்கடைக்காரர் ஒருவர் கூட்டத்திலிருந்து விலகி அவளிடம் வந்தார். கழுத்து வலிக்காரர், பேச்சில் நிதானம். நானும் ஒன்று செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன், குச்சி சின்னப் பையன், அவனுக்குக் கட்டை வண்டியும் சுகமாகத்தான் இருக்கும், என்னை மாதிரி ஆளுக்கு நீங்கள் சொல்வதுதான் கணக்கு என்றார்.

“நீங்க சொல்லுங்க பல்லக்கா. தம்பிகிட்ட கொடுக்கலாமா?”

தம்பிக்குக் கேட்டுவிட்டது. சிவப்பு வண்டியின் மேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை, பேச்சை மட்டும் நிறுத்தினான். கொடுக்கலாம் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. சிவப்பு வண்டியைச் செய்ததும் அந்தக் கைதானே. வேண்டாம் என்றும் சொல்லலாம், அதுவும் பொய் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் மறுபடி அவள் அவனுக்காக ஒன்று செய்ததாகவோ அவனுக்கு எதிராக ஒன்று செய்ததாகவோ ஆகிவிடும். அவளுக்கு இரண்டுமே அலுத்திருந்தது.

அவள் குனிந்து பச்சை வண்டியின் சீட்டைத் தளர்த்தி, அவருடைய இடுப்பு அளவுக்கு உயர்த்தி இறுக்கினாள்.

“ஓட்டிப் பாருங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு கொத்திப் போட்டிருக்கு. அதுவரைக்கும் போய்ட்டு வாங்க.”

“அக்கா” என்றான் தம்பி, மெல்லிய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் வண்டியை மருந்துக்கடைக்காரரின் கையில் கொடுத்தாள்.

அவர் தடுமாறி ஏறி, நேராகி, போனார். தம்பி வந்து அவள் பக்கத்தில் நின்றான். பாலத்தின் ஏற்றத்தில் அவர் மெதுவாகச் சின்னதானார், உச்சியில் வானத்துக்கு எதிரே ஒரு கணம் முழுசாகத் தெரிந்தார், பிறகு தலை மட்டும், பிறகு அதுவும் இல்லை. ஒரு தண்ணீர் லாரி இந்தப் பக்கம் இறங்கி வந்து அவர்களைத் தாண்டிப் போனது. குழுவில் யாரோ கிளம்பலாமா என்றார்கள். யாரோ இருங்கள் என்றார்கள். வெகுநேரம் கழித்து, பாலத்தின் உச்சியில் மறுபடி ஒரு தலை முளைத்தது. தோள்கள் வந்தன. சூரியன் அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் இறக்கத்தில் பெடல் போடாமல் வந்துகொண்டிருந்தார், முகம் இன்னும் தெரியவில்லை.