நன்றிகெட்டவளைத் தேடி

"எங்க பூனையக் காணோம். தண்டோரா போடணும், மாமா."

இரும்பு மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த தண்டோராக்காரர் போவாடி நிமிர்ந்தார். ஊர்த் தலைவர் மாளிகை வாசலில் ஃபோசுவா நின்றாள், கையில் ஜின் புட்டியோடு. அங்கே வெறுங்கையோடு போய் எதையும் கேட்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

எதைக் கேட்கக் கூடாது என்று அம்மா அச்சியா தலைதலையாக அடித்துக்கொண்டாளோ, அதைத்தான் கேட்க வந்திருந்தாள். மரவள்ளிக் கொல்லையில் தேடு, கோக்கோ காயவைக்கிற பாய்க்கு அடியில் தேடு, தண்டோரா மட்டும் வேண்டாம். இதுதான் அம்மாவின் உத்தரவு. தேடி நாலு நாளாகிவிட்டது. அம்மா தட்டு முன்னால் உட்காருகிறாள், மீனை எடுத்து ஓரமாக வைக்கிறாள், எழுந்து போய்விடுகிறாள். திங்கட்கிழமை ஃபோசுவா தூரத்து நகரமான தமாலேவுக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்தான். மாதச் சம்பளம் என்று வாங்கப்போகிற முதல் ஆளும் அவள்தான். அவள் கல்லூரியில் இருந்த நாலு வருஷமும் அம்மாவுக்குத் துணை அந்தப் பூனை ஒன்றுதான். அது இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி பஸ் ஏறுவது?

போவாடி சிரித்தார். சாவுக்கு அடிப்பேன், ரோடு வேலைக்கு அடிப்பேன், மனுஷங்க காணாமப் போனா அடிப்பேன் என்று விரல் விட்டு எண்ணினார்.

"மனுஷங்க காணாமப் போனா போலீசு இருக்கு. பூனைக்கு நீங்கதான் இருக்கீங்க" என்றாள் ஃபோசுவா.

புட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது வாசல் வரை கேட்டது. அவளுக்குக் காது சுட்டது. படித்த பெண் பூனைக்கு மணி அடிக்கச் சொல்கிறாள் என்பதை இன்னும் பத்து வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடைசியில் உத்தரவு கிடைத்தது.

"சரி, பேர் என்ன?" என்றார் போவாடி, தெரியாதவர் போல.

அம்மா பயந்தது இதற்குத்தான். பக்கத்து வீட்டாரிடம் நேரே சொல்ல முடியாததை நாய்க்கும் பூனைக்கும் பேராக வைத்துக் கூப்பிடுவது அந்த ஊரில் நடக்கிற காரியம். போவாடியின் நாய்க்கே 'எல்லாம் தெரியும்' என்று பேர். யாராவது சண்டைக்கு வந்தால், என் நாயைத்தானே கூப்பிட்டேன் என்று சொல்லிவிடலாம். தண்டோராவில் வந்தால் அப்படித் தப்ப முடியாது. ஊரறிய வைதாள் என்று வழக்கு வரும், ஆடு வெட்டி சமாதானம் பண்ண வேண்டியிருக்கும்.

"நன்றிகெட்டவ" என்றாள் ஃபோசுவா.

அது அடுத்த வீட்டு டூஃபிக்காக வைத்த பேர். ஆறு வருஷம் முன்பு டூஃபிக்கு இடுப்புவலி கண்டபோது, கொட்டுகிற மழையில் அவளை முதுகில் தாங்கி ரோடு வரை கொண்டுபோனவள் அச்சியா. எட்டாம் நாள் குழந்தைக்குப் பேர் வைக்கிற சடங்கில், டூஃபியின் புருஷன் உதவி செய்தவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொன்னார். நாற்காலி தூக்கிப் போட்டவன் பேர்கூட வந்தது. அச்சியா பேர் வரவில்லை. அன்று சாயங்காலமே அம்மா அரிசிக் கடையிலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து தினமும் மதிலோரம் நின்று, "நன்றிகெட்டவளே, வா, வந்து தின்னு" என்று கூப்பிட்டாள். ஃபோசுவாவுக்கு அது வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறாள், பிரயோசனமில்லை.

கொல்லைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரத்தில் மணி ஒலித்தது. கறுப்பு வெள்ளைப் பூனை, வால் நுனி இல்லை, பேர் நன்றிகெட்டவ, கண்டவர்கள் சொல்லவும். தெரு முழுக்கச் சிரிப்பு. ஆனால் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டுப் புதருக்குள் குனிந்தார்கள். சோள மாவு உருண்டையான கெங்கி விற்கிறவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். பாதிரியார் ஒரு செம்பட்டைப் பூனையைக் கொண்டுவந்து, இதுவாக இருக்குமோ என்று நம்பிக்கையோடு கேட்டார். ஊரே ஒரே பேரைக் கூவிக்கொண்டு அலைந்தது. இந்த ஊர்மேல் ஃபோசுவாவுக்கு நூறு கோபம் உண்டு. அதில் ஒன்றையும் அந்த நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அப்போது டூஃபி தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். "கத்தினது போதும். உள்ள வா."

கட்டிலுக்கடியில் ஒரு பேசின். அதில் பழைய துணிமேல் பூனை படுத்திருந்தது. முன்னங்காலில் பச்சிலை வைத்து இறுகக் கட்டியிருந்தது. புருஷன் காட்டெலிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டிக்கொண்டதாம். டூஃபிதான் கம்பியை அறுத்து எடுத்து வந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லலே, சித்தி? எங்கம்மா நாலு நாளா சாப்பிடல."

"நொண்டிக் காலோட கொண்டாந்து குடுத்தா உங்கம்மா என்ன சொல்லுவா? நாந்தான் ஒடைச்சேன்னுவா. நடக்க ஆரம்பிக்கட்டும், மதில்மேல விட்டுடலாம்னு இருந்தேன்." டூஃபி குனிந்து பூனையின் காதைத் தடவினாள். "இதுவும் லேசுப்பட்டதில்ல. சும்மா கூப்பிட்டா சோத்தத் தொடாது. அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். என் வாயாலயே நாலு நாளு நன்றிகெட்டவளேன்னு கூப்பிட வெச்சிடுச்சு."

ஃபோசுவாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. அன்றைக்கு ஏன் அம்மா பேரை விட்டீர்கள் என்று கேட்டேவிட்டாள்.

"கூட்டத்துல பத்தோட பதினொண்ணா சொல்ற பேரா உங்கம்மா பேரு? விடிஞ்சதும் நானே நேர்ல போய்ச் சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். போனேன், புள்ளையத் தூக்கிட்டு. உங்க வாசல்ல கால வெக்கறப்ப, உள்ள உங்கம்மா பூனையக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா. அப்படியே திரும்பிட்டேன்."

பூனை வீடு வந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டாள். டூஃபி சொன்னதையெல்லாம் கேட்டாள். காலில் போட்டிருந்த கட்டை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாள். நல்ல கட்டு; அவளாலும் குறை சொல்ல முடியவில்லை.

உதவி கிடைத்தால் மறுநாள் விடிந்ததும் போய் நன்றி சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஃபோசுவா எழுந்து குளித்து, இருப்பதில் பெரிய கருணைக்கிழங்கைத் தேடி எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதம்மா."

"நீ போய் நன்றி சொன்னா, ஆறு வருஷமா நான் கூப்பிட்டதுக்கு என்னடி அர்த்தம்? ஊரு என்னையில்ல அந்தப் பேரச் சொல்லிச் சிரிக்கும்?"

"சிரிக்கட்டும். நேத்து முழுக்க என்னப் பாத்துச் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டேதான் தேடினாங்க."

அம்மா மீன் துண்டை எடுத்துக்கொண்டு பூனையைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அந்தப் பேர் வரவில்லை. மீனைப் பிடித்தபடி நின்றாள்.

வேறு பேர் யோசி என்று சொல்ல ஃபோசுவாவுக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அது அம்மாவின் பூனை. கிழங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அம்மா பேரிலும் தன் பேரிலும் சேர்த்தே நன்றி சொல்வதென்று முடிவு செய்து, வாசலைத் தாண்டி நடந்தாள்.