எட்டாம் பக்கத்துத் தாய்

பெர்னெத் சத்தமாக வாசிக்க, அவள் கணவன் ஜெதெயோன் கையெழுத்துப் பிரதியில் விரல் ஓட்டியபடி ஒப்பிட்டுப் பார்ப்பான். ஜெனீவாவில் அவர்களுடைய அச்சகத்தில் பிழை திருத்துவது எப்போதும் அப்படித்தான். அன்று கவிஞர் தெவோவும் கணப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தன் வரிகளைப் பிறர் வாயால் கேட்பதில் அவருக்கு அலாதி ஆசை. இவ்வளவு பெரிய கவிஞர் அவர்களைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றிய தெவோவின் பாட்டில் ஒரு தத்துவஞானி இடிபாடுகளின் மேல் ஏறி நின்று, நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று நிரூபிக்கிறார். சுவர் விழுந்ததால் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு வெளிச்சம் கிடைத்ததாம். பெர்னெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷம் மகள் லிசெத் அம்மையில் போன பிறகு அவள் சிரித்ததே இல்லை. ஜெதெயோன் நிமிர்ந்து பார்த்தான். பூசி மெழுகாமல் இப்படி எழுத ஒருவருக்குத் துணிச்சல் இருந்ததே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

எட்டாம் பக்கம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், ஞானி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறாள். ஆட்டிய ஆட்டில் தொப்பி கழன்று விழுகிறது.

பெர்னெத்தின் குரல் நின்றுவிட்டது. லிசெத்தின் கட்டிலருகே பாதிரியாரும் எல்லாம் நன்மைக்கே என்றுதான் சொன்னார். இவளும் தலையாட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தாள்.

"ஏன் மதாம் நிறுத்திட்டீங்க? மொத்தப் பாட்டுலயும் அந்த ரெண்டு அடிதான் உசத்தி. பாரிஸ்ல கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க," என்றார் தெவோ.

பேசாமல் வாசி என்று ஜெதெயோன் கண்ணால் கெஞ்சினான்.

"சொன்னவரைப் பாத்துச் சிரிங்க முசியே, நானும் சேந்து சிரிக்கிறேன். நம்பினவளைப் பாத்துச் சிரிக்காதீங்க. அன்னிக்குப் பிடிச்சுக்க எனக்கு வேற எதுவும் இல்ல."

நாக்காலேயே தோலை உரிப்பவர் என்று பெயரெடுத்தவர் தெவோ. அவர் எழுந்து வந்து தாளை வாங்கி, அந்த இரண்டு அடியையும் கடைசியாக ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவால் அவற்றை அடித்துவிட்டார்.

பக்கத்தின் அடியில் இடம் காலியாகுமே, பூவேலை ஏதாவது வைக்கட்டுமா என்று ஜெதெயோன் கேட்டான்.

"வேண்டாம். சும்மா கிடக்கட்டும்," என்றார் தெவோ.

பெர்னெத் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஞானி அடுத்த இடிபாட்டின் மேல் ஏறியபோது அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அவள் கணவனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.