லாவாயின் இறகு சாய்ந்த பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஆபோயின் வாயிலிருந்து பிடுங்கியது. எல்லாக் குடும்பங்களும் ஒரே கூரையின்கீழ் வரிசையாக வாழும் எங்கள் நீளவீட்டின் புதிய மண்டபத்தில் லாவாயின் படத்தை மாட்டிய நாளிலிருந்து அவன் ஆற்றின் மேலும் கீழும் ஒவ்வொரு வீடாகப் போய் இதைச் சொல்லித் திரிகிறான். ஒரு குவளை அரிசிக்கள்ளுக்கு ஒரு பொய் கூடுகிறது. திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. விழா மலரில் எனக்கு அரைப்பக்கம் ஒதுக்கி, குடும்பப் பெருமை பற்றி எழுதச் சொன்னார்கள். நான் கதையாகவே எழுதிவிடுவது என்று முடிவுசெய்தேன். அச்சில் வந்துவிட்டால் அவனுடையது வதந்தி, என்னுடையது வரலாறு.

தொடக்கம் ஒன்று: "பனி கலையாத காலையில், காட்டத்தி மரத்தின் உச்சியிலிருந்து ஓர் இருவாச்சி மெல்லச் சிறகடித்து…"

நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் பேனா பிடிக்கிற எல்லோரும் இருவாச்சியில்தான் தொடங்குகிறார்கள். அது பறப்பதைக் காதால் கேட்ட ஒருவரும் "மெல்ல" என்று எழுத மாட்டார். பழைய படகு எஞ்சினுக்கு இருமல் வந்தது போலிருக்கும்.

தொடக்கம் இரண்டு: "வீரர் லாவாய், என் தாத்தா…"

(அடித்துவிடுகிறேன். இந்தக் கதையின் நாயகர் ஜாலோங். லாவாய் ஜாலோங்கின் தாத்தா. ஜாலோங்குக்கும் எனக்கும் உறவு எதுவும் கிடையாது. அவரும் நானும் ஒரே நாற்காலியில் உட்காருவது வீட்டில் நாற்காலி குறைவு என்பதால்.)

தொடக்கம் மூன்று: "ஜாலோங் மரியாதைக்குரியவர்."

இது இருக்கட்டும். சின்ன வாக்கியம், உண்மையும்கூட.

2

ஜாலோங் மரியாதைக்குரியவர். அவருடைய அறை நீளவீட்டின் நடுவில் இருக்கிறது. பெரிய குடும்பங்கள் நடுவில், மற்றவர்கள் ஓரங்களில் என்பது எங்கள் கட்டுமானம். (ஆபோயின் அறை கடைசிக்கு முந்தியது. தகவலுக்காகச் சொன்னேன்.) மண்டபம் திறந்த கையோடு அதே மண்டபத்தில் புதிய வீட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். ஜாலோங் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. கேட்காமலே தருவார்கள் என்று நம்பி, சட்டையை மட்டும் துவைத்து வைத்திருந்தார்.

அவர் அறைச் சுவரில் லாவாயின் புகைப்படம் தொங்குகிறது. எப்போதோ படகில் வந்த ஒரு வெளியூர்க்காரர் கண்ணாடித் தகட்டில் எடுத்தது. நகரத்தில் அச்சிட்டு, பல வருடம் கழித்து அது வந்து சேர்வதற்குள் லாவாய் இறந்துவிட்டார். படத்தில் அவர் போர்த்தொப்பி அணிந்திருக்கிறார். தொப்பியில் இருவாச்சியின் வால் இறகு ஒன்று, வெள்ளை, நடுவில் கறுப்புப் பட்டை. இறகு அவருடைய வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

இந்தச் சாய்வு முக்கியம். பெண் இருவாச்சி முட்டையிடும் காலத்தில் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல்தான் திறந்திருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். அதனால் எங்கள் வீட்டுக் கணவர்கள் அந்தப் பறவையின் இறகைத் தொப்பியில் செருகினார்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால், அவனுக்கு மனைவி வீட்டில் சோறு உண்டு என்று அர்த்தம். இடப்பக்கம் சாய்ந்திருந்தால், மனைவி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வேறொருத்தி வந்து தன் கையால் இறகை மாற்றி வைக்கும்வரை அவன் அப்படியே நடமாட வேண்டும். இப்போது யாருடைய இறகும் இடப்பக்கம் சாய்வதில்லை. யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதற்காக அல்ல, தொப்பி போடுவதை நிறுத்திவிட்டோம்.

ஆபோயின் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. லாவாய் முதலில் கட்டியது தங்கள் வீட்டுப் பெண் பூங்கானை என்றும், ஒரே மழைக்காலத்தில் அவள் அவரைப் பாயோடு வெளியே வைத்துவிட்டாள் என்றும். இதற்கு ஜாலோங்கின் குடும்பம் வாயால் பதில் சொன்னதே இல்லை. சுவரை நோக்கி விரலைக் காட்டும். இறகு வலப்பக்கம். பேச்சு முடிந்தது.

* அடிக்குறிப்பு போல ஒன்று: அதே படத்தில் லாவாயின் பாராங் கத்தி வலது இடுப்பில் தொங்குகிறது. வலக்கைக்காரன் கத்தியை இடது இடுப்பில்தான் கட்டுவான். ஆகவே லாவாய் இடக்கைக்காரர். "இடக்கை லாவாய்" என்ற பெயரும், எதிரிகளுக்கு எந்தப் பக்கமிருந்து வெட்டு விழும் என்று தெரியாமல் போனதும், இந்தப் படத்திலிருந்தே பிறந்தவை. ஜாலோங்கின் அப்பா குடும்பப் பெருமைக்காக இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். ஜாலோங்கும் அப்படியே. கையெழுத்து, மண்புழு மழையில் நெளிந்தது போலிருக்கும்.

3

இப்போது உசுனைக் கொண்டுவர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். ஜாலோங்கின் தம்பி மகள். மிரி நகரத்தில் வேலை, காதில் ஆறு வளையம், கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருப்பாள். இப்படி ஒரு பெண்ணை நானாக உருவாக்கியிருந்தால் விழா மலர்க் குழு நம்பியிருக்காது.

உசுன் பறவைகளைப் படம் பிடிக்கிறாள். அதற்கென ஒரு கூட்டமே இருக்கிறது. இலை நிறத்தில் சட்டை, இலை நிறத்தில் தொப்பி, உலக்கை நீளத்தில் கேமரா. பொந்துக்குப் பழம் கொண்டுவரும் ஆண் இருவாச்சிக்காகச் சேற்றில் படுத்துக் கிடப்பார்கள். வீட்டில் தங்கள் மனைவிக்கு யார் சோறு கொண்டுபோகிறார்கள் என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பறவை வந்தால் மூச்சைப் பிடிப்பார்கள். வராவிட்டால் உதிர்ந்த இறகைப் பொறுக்கி, இலைமேல் வைத்து, அதையும் பிடிப்பார்கள்.

உசுன் அந்த இறகுகளை மிக நெருங்கிப் பிடித்தாள். ஒவ்வோர் இழையும் தெரியும்படி. பிறகு சுவரிலிருந்த லாவாயின் படத்தைக் கணினியில் ஏற்றி, அந்த இறகு இழைகளைக் கொண்டே முகத்தை நெய்தாள். கன்னத்துக்குக் கழுத்துத் தூவி, கண்ணிமைக்குச் சிறகோரம், தாடைக்கு வால்பட்டையின் கறுப்பு. சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. லாவாய் இப்போதே மூச்சு விட்டு இறகுகளைக் கலைத்துவிடுவார் போல.

நகரத்துக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. நடுவர் ஒருவர் அதை "ஞாபகத்தின் இறகுத்தன்மை" என்று எழுதினார். ஜாலோங் அந்த வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அர்த்தம் கேட்டவர்களிடம், "படிச்சவங்க எழுதினது, உனக்குப் புரியாது" என்றார். அவருக்கும் புரியவில்லை.

பரிசுப் படத்தை ஆள் உயரத்தில் அச்சிட்டு மண்டபச் சுவரில் மாட்டினார்கள்.

4

(இந்தக் காட்சியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் ஆபோயே நன்றாகப் பேசிவிடுகிறான்.)

மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபோய் படத்துக்கு முன்னால் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பிறகு மறுபக்கம்.

"ஜாலோங் மச்சான், கொஞ்சம் இங்க வாயேன்."

"வேலையா இருக்கேன்."

"உங்க தாத்தா பேரு என்ன?"

"இது என்னய்யா கேள்வி? லாவாய்."

"எந்த லாவாய்? இடக்கை லாவாயா, இடச்சாய்வு லாவாயா?"

ஜாலோங் நிமிர்ந்து பார்த்தார். இறகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"எங்க பூங்கான் துரத்திவிட்டாள்னு நாங்க சொன்னப்போ சுவரைக் காட்டுனீங்க. இப்ப நானும் சுவரைத்தான் காட்டுறேன்" என்றான் ஆபோய். "பெரிய சுவரா வேற கட்டியிருக்கீங்க. நல்லாத் தெரியுது."

நாற்காலி அடுக்கியவர்கள் சிரித்தார்கள். ஜாலோங்…

(ஜாலோங் என்ன சொன்னார் என்பதை ஆபோய் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நான் எழுதப் போவதில்லை. விழா மலர், குழந்தைகள் கைக்கும் போகும்.)

5

ஜாலோங் உசுனின் அறைக்குள் நுழைந்தபோது அவள் இலையில் பொதிந்த சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"சாப்டீங்களா பெரியப்பா?"

"இறகை எதுக்கு மாத்துனே?"

"இறகை மாத்தலை. படத்தையே திருப்பினேன், கண்ணாடியில பாக்குற மாதிரி. அசலை அப்படியே மாட்டினா கொள்ளுத் தாத்தா நேரா கக்கூஸ் கதவைப் பாத்துக்கிட்டிருப்பாரு. திருப்பினதால மேடையைப் பாக்குறாரு. மரியாதைக்குத்தான் செஞ்சேன்."

"மரியாதையா! அவரைப் பொண்டாட்டி துரத்துனவனா ஆக்கிட்டியே! ஞாயித்துக்கிழமை அத்தனை பேரும் அந்தச் சுவரைத்தான் பாப்பாங்க. அதுக்குக் கீழ நின்னு நான் தலைவர்னு எப்படிடி சொல்லுவேன்?"

"சரி, திருப்பிடலாம். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். புதுசா அச்சடிச்சு மாட்டிடுவாங்க." அவள் லேப்டாப்பைத் திறந்தாள். திறந்தவள் கையை எடுத்துவிட்டாள். "ஆனா பெரியப்பா, ஒண்ணு கேக்கவா? கோபப்படக் கூடாது."

"இனிமேலா படப்போறேன்?"

"கண்ணாடித் தகட்டைப் பின்பக்கமா வெச்சு அச்சடிச்சா படம் இடம் வலமா வந்துடும். நகரத்துல யாரு கவனிச்சிருப்பாங்க? தகடு உடைஞ்சா தெரியுற மாதிரி இது தெரியவா போகுது? நம்ம சுவர்ல இருக்கிறதே திரும்பின படமா இருந்தா?"

ஜாலோங் உட்கார்ந்தார்.

"அப்ப நான் திருப்பினது தப்பு இல்லை. தெரியாமலே நேராக்கிட்டேன். கத்தி இடது இடுப்புல. அப்ப அவரு வலக்கைக்காரரு. இறகும் இடது பக்கம்…"

"அவரு இடக்கைக்காரர்! ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பாத்துத்தானே?"

(இந்த இடத்தில் ஜாலோங்குக்கு ஒரு நல்ல பதில் எழுத எனக்கு அரைநாள் ஆனது. கிடைக்கவில்லை.)

"அவரு கத்தி உங்க அறைத் தூண்லதானே தொங்குது" என்றாள் உசுன். "நம்ம பாராங் அலகுக்கு ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. வலக்கைக்காரனுக்கு அடிச்சது இடக்கைக்காரனுக்கு உதவாது, வெட்டு வழுக்கிடும். உருவிப் பாத்தா எந்தக் கைக்கு அடிச்சதுன்னு தெரிஞ்சிடும்."

"அவரு செத்ததுக்கப்புறம் அதை யாரும் உருவினதில்லை. உருவினா ரத்தம் காட்டணும்."

"கோழி போதும்னு சொல்வாங்களே."

"நீ கோழி பிடிக்கிறதுலயே குறியா இரு!"

அவள் சோற்றை இலையோடு ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பூங்கான் துரத்தலைன்னா அவரு அங்கேயே இருந்திருப்பாரு. உங்க அப்பாவைப் பெத்தவளைக் கட்டியிருக்கவே மாட்டாரு. இறகு ஒரு தடவை இடப்பக்கம் சாஞ்சதாலதான் நீங்க, நான், இந்த நடு அறை எல்லாமே. அது ஏன் அவமானம்?"

"அதுக்காக நான் ஆபோய் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லணுமா?"

"ஒரு குவளை கள்ளு வாங்கிக் குடுக்கலாம்."

ஜாலோங் எழுந்து கிளம்பினார். வாசலில் நின்று கேட்டார்: "எதுக்குத் துரத்தினாளாம்? ஆபோய் ஏதாவது சொன்னானா?"

"சொன்னாரு. மத்தவங்க காட்டுக்குப் போனா பன்றியோட வருவாங்களாம். இவரு போனா கதையோடதான் வருவாராம். அந்தக் கதையில பன்றி மட்டும் ரொம்பப் பெருசா இருக்குமாம்."

(இந்த வரியை மலர்க் குழு நீக்கச் சொல்லலாம். எதிர்க்க மாட்டேன்.)

6

முடிவுகள்.

முடிவு அ: படத்தைத் திருப்பி மாட்டுகிறார்கள். இடக்கை, வலச்சாய்வு, வீரம் எல்லாம் பத்திரம். ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறியும் கள்ளுமாக ஊரே மாறி மாறிக் கழிப்பறைக்குப் போகிறது. உள்ளே போகும் ஒவ்வொருவரையும் லாவாய் கூர்ந்து பார்க்கிறார். வெளியே வரும் ஒவ்வொருவரும் அவருக்குத் தலைவணங்குகிறார்கள். ஆபோய் மட்டும் பலமுறை போய்வருகிறான்.

முடிவு ஆ: படம் அப்படியே இருக்கிறது. ஜாலோங் மேடையேறி, எங்கள் வழக்கத்தில் இடச்சாய்வுதான் கௌரவம், வலச்சாய்வே துரத்தப்பட்டவனின் அடையாளம் என்று அறிவிக்கிறார். (எழுதும்போதே ஆபோயின் சிரிப்பு கேட்கிறது. அடித்துவிட்டேன். நீங்களும் படித்திருக்க வேண்டாம்.)

முடிவு இ: ஜாலோங் மேடையேறி, "பூங்கான் என் தாத்தாவைத் துரத்தினாள். அதனால்தான் இங்கே நிற்கிறேன்" என்கிறார். பிறகு எல்லோரும் கைதட்டி அவரையே தலைவராக…

இல்லை. நான் இந்த வீட்டிலேயே வாழ்ந்தவன். கைதட்ட மாட்டார்கள். "அப்பாடா, ஒருவழியா ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லி, ஆபோயைத் தலைவராக்குவார்கள்.

ஆக மிச்சம் கத்திதான். அதைத் தூணிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறார், ஜாலோங். உறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கோழி, காலைக் கட்டியிருக்கிறது. யார் பிடித்து வந்தது என்று தெரியவில்லை, உசுனாகத்தான் இருக்கும். வெள்ளைக் கோழி, கழுத்தில் கறுப்புப் பட்டை. அவள் ஏற்கெனவே அதையும் நெருங்கி நின்று படம் பிடித்துவிட்டாள்.

ஜாலோங் கைப்பிடியைத் தொட்டார். வலது கைதான் தானாக முன்னால் போனது. அதை இழுத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார். நீட்டிய கை மேசைமேலேயே நின்றது. கோழி ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

அரைப்பக்கம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. மீதியை நான் எழுதுவதற்கில்லை. வாசகரே, நீங்கள் எங்கள் குடும்பம் அல்ல, ஆபோயின் குடும்பமும் அல்ல. நீங்களே உருவிப் பாருங்கள். குழி எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்து, கோழிக்கும் ஒரு முடிவு சொல்லிவிட்டு, கத்தியை உறையில் போட்டு, இருந்த தூணிலேயே மாட்டிவிடுங்கள்.

எந்தக் கைக்குப் பொருந்தியது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.