மூடி சார்

உலகத்திலேயே பொறுமையான ஆசிரியன் நான்தான். தற்பெருமைக்காக அல்ல, ஒரு தகவலுக்காகத்தான் சொல்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆகவே ஒருமுறைகூடப் பொறுமை இழந்ததில்லை.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை, கணக்குப் பாடத்தை விட்டுவிடுவதற்கான படிவத்தோடு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கொடுத்துவிட்டால் பொறியியல் ஆசை அதோடு சரி. எட்டாம் வகுப்பிலேயே டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியவள் அவள். ஒரு திருகாணி மிச்சமானது. ஃபேன் இன்னும் ஓடுகிறது.

“சார் திட்டுறாரா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. பேனாவை மூடுறாரு.”

கணக்கு சாருக்கு வகுப்பில் பெயரே மூடி சார்தானாம். யாராவது பதில் சொல்ல எழுந்தால், மதிப்பெண் போடச் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்திருப்பார். இது தேறாது என்று அவருக்குப் பட்டால், பதில் முடியும் முன்பே மூடியைப் போட்டுவிடுவார். டப். அடி, திட்டு எதுவும் கிடையாது. கொஞ்ச நாளாக இவள் எழுந்தாலே டப்.

“அந்தச் சத்தம் கேட்டா தெரிஞ்ச பதில்கூட மறந்து போயிடுது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “ஒரு மூடிக்கா இந்த ஓட்டம்? சாப்பாட்டு டப்பாவை மூடினா பசியும் போயிடுமா உனக்கு?”

“நீ அங்க வந்து உக்காந்து பாருண்ணா, தெரியும்.”

“நான் எதுக்கு வரணும்? இங்கயே சொல்லித் தரேன். நாலு நாள் போதும். படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்.”

“இவன் சொல்லித் தரப் போறானாம்” என்று அம்மா சுவரிடம் சொன்னாள்.

தங்கை படிவத்தை மடித்துப் புத்தகத்துக்குள் செருகினாள். “வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன்.”

திங்கள் இருவரும் தடுமாறினோம். செவ்வாய் மூன்று கணக்குகளைத் தானாகவே போட்டாள். புதன்கிழமை எனக்கு முன்பே விடை சொல்லிவிட்டு, “அண்ணா, நீ இன்னும் யோசிக்கிறியா?” என்று கேலி வேறு.

வியாழக்கிழமை என்னைக் கூட்டிப்போக வந்த நண்பன் வாசலில் பைக் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அவள் நாலாவது வரியில் இருந்தாள்.

“இருண்ணா, வருது.”

“வரட்டும், வரட்டும். எனக்கென்ன அவசரம்?”

அவளுடைய பென்சில் சட்டென நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். திருத்துவதற்காக நான் திறந்து வைத்திருந்த பேனா மூடியிருந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

“போடு, போடு. என்னாச்சு?” என்றேன்.

அவள் புத்தகத்திலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்தாள். “பேனா குடுண்ணா.”

கொடுத்தேன். திறந்து கையெழுத்துப் போட்டாள். சத்தமே வராமல் மெதுவாக மூடி என்னிடம் நீட்டிவிட்டு, அப்பாவின் கையெழுத்து வாங்க உள்ளே போனாள்.

நோட்டு விரித்தபடியே கிடந்தது. பாதியில் நின்ற நாலாவது வரியைப் பார்த்தேன்.

சரியாகத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.