முதலில் சாப்பிட்டவள்

"இரும். முதல் நீர் சாப்பிடும்" என்று சொல்லி, சயந்தன் தன் கையாலேயே ஒரு தட்டில் இரண்டு கரண்டி சோறு போட்டு, வெண்ணெயில் வதங்கிய காளான் துண்டுகள் கொஞ்சத்தை அதன் ஓரத்தில் வைத்துத் துசியந்திக்கு முன்னால் தள்ளினான்.

அவளுக்கு உட்காரவே தெரியவில்லை. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், இந்த வீட்டுக்கு அவள் வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அதில் ஒரு நாள்கூட அவனுக்கு முன்னால் அவள் சாப்பிட்டதில்லை. அப்படி யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. அவன் வேலையால் வந்து குளித்துவிட்டு வருவான், அவனும் மாமியும் மேசையில் இருப்பார்கள், இவள் அடுப்படியில் நின்று அப்பளத்தைச் சூடாகப் பொரித்துக் கொடுப்பாள், பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி சாப்பிடுவாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். அதனால் அதை ஒரு குறையாக அவள் எண்ணியதே இல்லை. இன்றைக்கு அவன் கதிரையை இழுத்துவிட்டு இரும் என்றதும்தான், இதற்கு எவ்வளவு காலமாக ஏங்கிக் கிடந்தோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. முகம் சூடாகிவிட்டது. எதிரே மாமி கனகாம்பிகை இருந்தாள். மாமிக்கு முன்னால் புருசன் பரிமாறுகிறானே என்று வெட்கம் ஒரு பக்கம், உள்ளே பொங்கிக்கொண்டு வந்த சந்தோசம் ஒரு பக்கம். குனிந்து சோற்றைப் பிசைகிற சாட்டில் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

காளான் வந்த கதை பெரிய கதை. குரொய்டனில் சயந்தன் வேலை செய்யும் வெயார்ஹவுசின் கார் நிறுத்துமிடத்தில், செடிகளுக்கு அடியில் மரப்பட்டைச் சிராய்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஏப்ரலில் மழை விட்ட ஒரு காலையில் பார்த்தால், அதற்குள்ளிருந்து மண்நிறத்தில், பள்ளம் பள்ளமாக, என்னவோ கிளம்பி நின்றிருக்கிறது. மானேஜருக்குப் பெயர் போல், காளான் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையும் கையுமாகக் காடு காடாய்த் திரிகிற மனுசன். வந்து பார்த்து, முழங்காலில் குந்தி, இது மொறல் என்கிற காளான், பெரிய பெரிய ரெஸ்டோரண்டுகள் தேடித் திரிகிற சாமான் என்று சொல்லியிருக்கிறான். சயந்தன் நின்ற நிலையிலேயே போலையும் மனைவியையும் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான். காளானென்றால் விரதத்துக்கும் சரி, விருந்துக்கும் சரி. சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருந்ததற்கும் இந்த அழைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவனே மூன்று முறை சொன்னான். துசியந்தி நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

"என்னடா இது, குளவிக்கூட்டைப் பிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்றாள் மாமி, அவன் பையைப் பிரித்தபோது.

அவன் சிரிக்கவில்லை. காளான் விசயத்தில் அவன் விளையாட்டுக்கு ஆளில்லை. போனில் பக்கம் பக்கமாக வாசித்து வைத்திருந்தான். அவன் வாசிக்க வாசிக்கத் துசியந்தியின் கை வேலை செய்தது. ஒவ்வொன்றையும் தலையிலிருந்து கால்வரை நெடுக்காகப் பிளக்கவேண்டும். உள்ளே நுனிதொட்டு அடிவரை ஒரே வெறும் குழாயாக இருந்தால்தான் நல்லது. பஞ்சுபோல் அடைத்துக்கொண்டோ அறை அறையாகவோ இருந்தால் அது இதைப்போல வேசம் போடுகிற நஞ்சு. அவள் பிளந்து பிளந்து காட்ட, அவன் ஒவ்வொன்றுக்கும் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். பிறகு உப்புத் தண்ணீர். பள்ளங்களுக்குள்ளிருந்து பூச்சிகள் நெளிந்து மேலே வந்தன, அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அலசினாள். பச்சையாக ஒரு துணுக்கும் வாயில் படக்கூடாது. அவியவிடும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும், ஆவிக்கு மேல் முகத்தை நீட்டக்கூடாது, அவித்த தண்ணீரை ஊற்றிவிடவேண்டும், அதற்குப் பிறகும் வெண்ணெயில் போட்டு அவசரப்படாமல் நன்றாக வேகவைக்கவேண்டும். இதோடு குடிவகை சேரக்கூடாது என்று இருந்ததால், போல் வைன் கொண்டுவந்தால் என்ன செய்வதென்று அரைமணி நேரம் யோசித்து, மாம்பழ ஜூஸ் வாங்கி வைத்தான். கொஞ்சம் கறித்தூள் தூவட்டா என்று அவள் கேட்டதற்கு, கொலைக் குற்றம் செய்யப் போனவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பெரும்பங்கைக் கடதாசிப் பையில் சுற்றி நாளை வெள்ளிக்கிழமை விருந்துக்கென்று பிரிட்ஜில் வைத்துவிட்டு, இன்றைக்கு ஒரு கைப்பிடிதான் சமைத்தார்கள்.

ருசிக்கு ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆட்டு ஈரலுக்கும் பலாக்கொட்டைக்கும் நடுவில் ஏதோ ஒரு ருசி. அவள் ஒரு துண்டை முடித்து அடுத்ததை வாயில் வைத்தாள். சயந்தன் தாடையில் கை கொடுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி அவன் அவளைப் பார்த்து நாளாகிவிட்டது.

"நல்ல வாசமாக் கிடக்கு. எனக்கும் ரெண்டு துண்டு போடு பிள்ளை" என்று மாமி தட்டை நீட்டினாள்.

துசியந்தி கரண்டியை எடுத்ததுதான் தாமதம், கதிரை பின்னால் விழ சயந்தன் எழும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"அம்மாக்கு வேண்டாம்! அம்மா, தொடாதேங்கோ!"

"ஏனடா கத்துறாய்?"

"உங்களுக்குப் பிரஷர் எல்லோ. நாளைக்குச் சாப்பிடலாம். முதல் ஒரு ஆள் கொஞ்சம் சாப்பிட்டுப் பாத்து, ஒரு நாள் பொறுக்கவேணுமெண்டு போட்டிருக்கு. சில ஆக்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம்."

எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னான். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பவும் அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது அது என்ன பார்வை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வாய்க்குள் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினாள். பயமாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தது அவளுடைய கைதானே. தான் சிரித்ததை நினைக்க நினைக்கக் கூசியது. அந்தச் சிரிப்பை மாமி பார்த்திருந்தாள். இப்போது மாமி தன் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், நீங்கள் சாப்பிட்டுப் பாத்திருக்கலாமே?" என்றாள் துசியந்தி.

"எனக்கு விடிய ஷிப்ட். உமக்கு நாளைக்கு ஒண்டும் இல்லைத்தானே."

"நாளைக்கு எனக்கு இண்டர்வியூ."

"என்ன இண்டர்வியூ?"

"பள்ளிக்கூடத்துக் கிச்சன் வேலைக்கு. ரெண்டு தரம் சொன்னனான்."

அவன் நெற்றியைத் தடவினான். "அது வாற கிழமை எண்டெல்லோ நினைச்சன். சரி, போன் பண்ணித் தள்ளிப் போடும். போற வழியில மயங்கி விழுந்தா என்ன செய்யிறது? நாளைக்குப் பின்னேரம்வரைக்கும் வெளியில போகாதையும். அம்மா பாத்துக்கொள்ளுவா."

தள்ளிப் போடுகிற இண்டர்வியூவுக்கு யாரும் இரண்டாவது நாள் தருவதில்லை. கடைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்து வேலியில் அந்த அறிவித்தலைப் பார்த்த நாளிலிருந்து அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். லண்டனில் அவளுக்குத் தெரிந்தது மாமியின் டொக்டர், கோயில், தமிழ்க் கடை, இவ்வளவுதான். மூன்றுக்கும் மாமியின் முழங்கால் ஒத்துழைக்கிற நாளில்தான் பயணம். சாவகச்சேரியில் முப்பது குழந்தைகளை மேய்த்த முன்பள்ளி ரீச்சர் இங்கே ஒரு ஆளிடம் தன் பெயரைச் சொல்லியே மாதக்கணக்காகிறது. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம். ஆனால் இலையுதிர் காலத்தில் விசா நீட்டவேண்டும், அதற்கு அவன் ஒத்தாசை வேண்டும். அவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டவேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. விசாவை எண்ணி எண்ணியே அவள் எல்லாச் சொல்லையும் விழுங்கிப் பழகியிருந்தாள்.

படுக்கப் போகுமுன் அவன் அவள் பக்கத்தில் ஒரு வாளியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து வைத்தான். "வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று கேட்டான். போன மாரியில் அவள் காய்ச்சலோடு கிடந்தபோது, தனக்கும் தொற்றிவிடும் என்று ஹோலில் போய்ப் படுத்தவன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்தபோது அவன் போயிருந்தான். போன் மட்டும் ஓயவில்லை. ஓகேயா என்று கேட்டுக் கேட்டுச் செய்தி வந்தது, ஓகே என்று அனுப்பி அனுப்பி அவளுக்கு அலுத்தது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு அவள் கீழே வந்தபோது, மாமி வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரீவியில் தேவாரம் ஓடியது.

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்?"

"எனக்குப் போகவேணும் மாமி."

"உன்னைப் பாத்துக்கொள்ளச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான். எடுத்துக் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"வயித்துக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ. அவர் அதைத்தானே கேப்பார்."

மாமி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். எழும்பவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. ரிமோட்டை எடுத்துத் தேவாரத்தின் சத்தத்தைக் கூட்டினாள்.

"கதவை மெல்லச் சாத்து" என்றாள். "சத்தம் கேட்டாத்தானே நீ போனது எனக்குத் தெரியும்."

வழி நெடுக அவளுடைய காது வயிற்றிலேயே இருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, இண்டர்வியூப் பயத்தில் இறங்கவில்லை. மாமியின் டொக்டருடைய கிளினிக் வாசலைக் கடக்கும்போது வயிறு ஒருமுறை இரைந்தது. பசியா, வேறேதுமா என்று நின்று கவனித்தாள். அவனே பக்கத்தில் நின்று கவனிக்கச் சொன்னதுபோலக் காது கொடுத்துக் கேட்டாள். தன் வயிற்றைக்கூட அவனுக்காகத்தான் காவிக்கொண்டு போகிறோமா என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம்தான் அவளைப் பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

சின்னப்பிள்ளைகளின் மேசை, சின்னப்பிள்ளைகளின் கதிரை. எதிரே சமையலறைப் பொறுப்பாளர் மார்சியா, ஏப்ரன் கட்டியபடியே வந்திருந்தாள். பக்கத்தில் பேனாவோடு அலுவலகப் பெண். சமையலில் பாதுகாப்பாக நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று மார்சியா கேட்டாள். பச்சை இறைச்சி பிரிட்ஜில் கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில் என்று துசியந்தி மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் போன இடம் தெரியவில்லை. தலைக்குள் காளான் மட்டும்தான் இருந்தது.

அதையே சொன்னாள். ஆங்கிலம் நொண்டினாலும் கை நொண்டவில்லை. நெடுக்காகப் பிளப்பதைக் காட்டினாள், போனை எடுத்துப் பிளந்த காளான்களின் படத்தைக் காட்டி மேசையில் வைத்தாள். பூச்சி நெளிந்து வந்ததை விரலால் நெளித்துக் காட்ட, மார்சியா ஐயோ என்று சிரித்தாள். ஜன்னல், ஆவி, ஊற்றிவிட்ட தண்ணீர், சேரக்கூடாத வைன் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்ல அலுவலகப் பெண்ணின் பேனா ஓடியது. யாரோ தன் பேச்சை எழுதிக்கொள்கிறார்கள் என்பதில் துசியந்திக்குக் குரல் திறந்துவிட்டது. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற குரல் அது.

"எங்கள் சமையற்காரரில் பாதிப் பேருக்கு இந்தக் கவனம் இல்லை" என்றாள் மார்சியா. "பிறகு?"

"பிறகு, முதலில் ஒருவர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் பொறுக்கவேண்டும்."

"யார் சாப்பிட்டது?"

"நான்."

"உங்கள் கணவர்?"

"அவருக்கு வேலை இருந்தது" என்றாள் துசியந்தி. அவன் சொன்ன அதே குரலில், அதே சாதாரணமாக அது அவள் வாயிலிருந்து வந்தது.

மார்சியாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. பிறகு இருக்கவில்லை. பேனா நின்றுவிட்டது.

"எப்போது சாப்பிட்டீர்கள்?"

"நேற்றுப் பின்னேரம்."

அலுவலகப் பெண் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மார்சியா கதிரையை முன்னால் இழுத்து, இண்டர்வியூவுக்குரியதல்லாத ஒரு குரலில், மெதுவாக, "நீங்கள் ஓகேயா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியவள்தான். வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல் வரவில்லை. அதற்குள் மேசையில் கிடந்த போன் அதிரத் தொடங்கியது. படத்தின் மேல் சயந்தனின் பெயர் வந்து நின்றது. அந்தச் சின்ன மேசையில் அது அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க, மூன்று பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை.